பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதினால் என்ன தப்பு?

போன செமஸ்டரில் ஒருநாள் கேன்டீனில் டீ வாங்கிக்கிட்டு நிக்கிறேன். ஃபர்ஸ்ட் இயர் தங்கச்சி ஒருத்தங்க தயங்கித் தயங்கி பக்கத்துல வந்தாங்க. "அண்ணா, நம்ம இதழோட வெப்சைட்டை நீங்கதானே பாத்துக்கிறீங்க? நான் எழுதின கமென்ட்டை ஏன்ணா எடுத்துட்டீங்க? அதுல தப்பா எதுவும் எழுதலையே" என்று கேட்டாங்க.

நான் எதையும் எடுக்கவில்லை. அப்படித்தான் சொன்னேன். அவங்க நம்பின மாதிரி தெரியல. "சரிங்ண்ணா" என்று சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ரூமுக்கு வந்து பார்த்தேன். அந்தக் கட்டுரை, வகுப்பில் ஆங்கிலத்தில் பாடம் நடத்துவது பற்றி எங்கள் இதழில் வந்தது. உங்களில் பலர் படிச்சிருப்பீங்க. கீழே தலைப்பில் '7 கருத்துகள்' என்று இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். ஏழாவது எங்கே? டேட்டாபேஸைத் திறந்தேன், பத்திரமாக உட்கார்ந்திருந்தது. "நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள்" என்று தொடங்கி, சில வரி. முதல் மாதம் லேப்பில் கேள்வி கேட்கப் பயந்தது, வைவாவில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றது, எல்லாம் எழுதியிருந்தாங்க. ஒரு தப்பான வார்த்தை கிடையாது.

அதை மறைத்தது யார் என்று தேடினால், நான்தான். அதாவது செகண்ட் இயரில் நான் எழுதிய பிளகின்.

நம்ம வெப்சைட் வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிறது. ரெண்டு வருஷம் முன்னாடி கருத்துப் பகுதியில் சிலபேர் ஆபாசமாகத் திட்டிக்கொண்டதால், 'கெட்ட வார்த்தை இருந்தால் பக்கம் வரைவதற்கு முன்னாடியே அந்தக் கருத்தைத் தூக்கிடு' என்று ஒரு சின்ன பிளகின் போட்டேன். முப்பது நாப்பது வரி பிஹெச்பி. திட்டுச் சொற்களின் பட்டியல் ஒன்று. அதில் 'பன்னி'யும் உண்டு. கருத்துக்குள் எங்கேயாவது இந்த எழுத்துகள் வருதா என்று தேடும், வந்தால் காட்டாது. அவ்வளவுதான்.

இப்போ 'பன்னிரண்டு' என்று ஒருமுறை மெதுவா எழுதிப் பாருங்க. முதல் மூணு எழுத்து என்ன?

ஆக, ரெண்டு வருஷமா நம்ம இதழில் 'பன்னிரண்டு' என்று யார் எழுதினாலும் அவர்கள் கருத்து காணாமல் போயிருக்கு. பன்னிரண்டு மணி, பன்னிரு ஆழ்வார், பன்னிரண்டாம் வகுப்பு, எல்லாமே எனக்குத் திட்டு. அன்றைக்கு ராத்திரியே டேட்டாபேஸில் தேடினேன். அந்தத் தங்கச்சியோடது மட்டும் இல்லை, இன்னும் நாலு இருந்தது. ஆபாசம் எதிலும் இல்லை.

ஏன் எனக்கு இது தெரியாமல் போச்சு? இதைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமா இருக்கு. நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். பிளகினை டெஸ்ட் பண்ண ஒரு முப்பது வாக்கியம் நானே எழுதி ஓட்டினேன், எல்லாம் பாஸ். அந்த வாக்கியங்களில் 'ப்ளஸ் டூ' இருந்தது, 'ட்வெல்த்' இருந்தது. 'பன்னிரண்டாம் வகுப்பு' இல்லை. ஏன்னா நான் வாழ்க்கையில் அப்படிச் சொன்னதே இல்லை. என் வாயில் வராத தமிழ் என் டெஸ்ட் கேஸிலும் வரவில்லை. அதனால் அந்த ஃபில்டரில் மாட்டியது எல்லாம், என்னைவிட நல்ல தமிழில் எழுதியவர்கள்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று. அதே கட்டுரைக்குக் கீழே இன்னொரு கருத்து இருந்தது. "இங்கிலீஷ் வராதவங்க எல்லாம் எதுக்கு இன்ஜினியரிங் வரணும், ஆர்ட்ஸ் காலேஜ் போக வேண்டியதுதானே." இந்தக் கருத்தில் என் பட்டியலில் உள்ள சொல் ஒன்றுகூட இல்லை. ஃபில்டர் அதைப் பார்த்து, 'நல்ல பிள்ளை, உள்ளே வா' என்று விட்டுவிட்டது. அந்தத் தங்கச்சி எழுதியது அதற்கான பதில். திட்டினவர் குரல் மூணு வாரம் பக்கத்தில் நின்றது, பதில் சொன்னவர் குரலை நான் அமுக்கி வைத்திருந்தேன். அவங்க அதை எப்படிப் புரிஞ்சிக்கிட்டிருப்பாங்க என்று யோசிச்சுப் பாருங்க. 'சீனியர்ஸ் யார் பக்கம் என்று தெரிஞ்சுபோச்சு' என்றுதானே?

இதனால்தான் இந்தக் கட்டுரை. நம்மில் நிறையப் பேர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் இந்த மாதிரி ஏதாவது ஒன்று செய்கிறோம். சாட் ஆப், ரிவ்யூ பக்கம், புகார் போர்ட்டல். எல்லாவற்றிலும் 'யூசர் எழுதியதை வடிகட்டு' என்று ஒரு பாகம் இருக்கும். கடைசி வாரத்தில் அவசரமாக எழுதப்படும் பாகமும் அதுதான். என் கருத்து இது: வடிகட்டுவது டெக்னிக்கல் வேலை மட்டும் இல்லை. யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று முடிவு செய்யும் வேலை. அந்த முடிவை, சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் எடுக்கும் உரிமை நமக்குக் கிடையாது.

முதலில் ரெண்டு வேலையைப் பிரிப்போம்

'ஃபில்டர்' என்ற ஒரே சொல்லை ரெண்டு வேறு வேலைக்கு நாம் பயன்படுத்துகிறோம். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்குது.

ஒன்று, பாதுகாப்பு. யாரோ கருத்துப் பெட்டியில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதி அனுப்ப, அது மற்றவர்கள் பிரவுசரில் ஓடிவிடக் கூடாது. இதில் கருணைக்கு இடமே இல்லை. 2005 அக்டோபரில் மைஸ்பேஸில் நடந்தது தெரியுமா? சாமி காம்கர் என்ற 19 வயசுப் பையன், தன் ப்ரொஃபைலைப் பார்ப்பவர் எல்லாம் தானாக நண்பராகிவிடும்படி ஒரு கோடு எழுதி வைத்தான். பார்த்தவர் ப்ரொஃபைலிலும் அந்தக் கோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளுக்குள் பத்து லட்சம் பேர். மைஸ்பேஸில் ஃபில்டர் இல்லாமல் இல்லை. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல் வந்தால் வெட்டிவிடும். அவன் 'ஜாவா' என்று எழுதி, என்டர் தட்டி, அடுத்த வரியில் 'ஸ்கிரிப்ட்' என்று எழுதினான். ஃபில்டருக்கு அது வேறு சொல், அன்றைய சில பிரவுசர்களுக்கு அதே சொல்.

சொல்லைத் தேடி வெட்டுவது பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இன்னும் சுலபமான உதாரணம்: 'ஸ்கிரிஸ்கிரிப்ட்ப்ட்'. நடுவில் இருக்கும் 'ஸ்கிரிப்ட்'டை ஒருமுறை வெட்டுங்க. மிச்சம் என்ன? அதே 'ஸ்கிரிப்ட்'. வெட்டியதாலேயே உருவானது.

சரியான வழி ரொம்பப் பழசு, எல்லா லேங்குவேஜிலும் ரெடியாக இருக்கு. பக்கத்தில் காட்டும் நேரத்தில் எஸ்கேப் பண்ணுவது. சாய்வு அடைப்புக்குறியை பிரவுசர் டேக் என்று நினைக்காதபடி, வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டுவது. சில டேக்குகளை அனுமதிக்கணும் என்றால் அனுமதிப் பட்டியல். வேர்ட்பிரஸ்ஸில் கேஎஸ்இஎஸ் என்ற பகுதி இதைத்தான் செய்கிறது. 'இது இது கூடாது' என்று எழுதினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். 'இது மட்டும் ஆகும்' என்று எழுதினால் விட்டுப்போனதும் வெளியேதான் நிற்கும்.

ரெண்டாவது வேலை, திட்டு, ஆபாசம், வன்மம். இது மனுஷ விஷயம். இதற்கு முதல் வேலையின் மனநிலையோடு போனால்தான் நான் செய்த தப்பு நடக்கும். பாதுகாப்பில் சந்தேகம் வந்தால் வெளியே தள்ளு என்பது சரி. பேச்சில் சந்தேகம் வந்தால் வெளியே தள்ளு என்பது அநியாயம்.

எங்கே வடிகட்டுவது?

ஒரு கருத்து பெட்டியிலிருந்து பக்கத்துக்கு வரும் வழியில் பல வாசல்கள் இருக்கு. வேர்ட்பிரஸ்ஸில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஹூக் உண்டு. சேமிப்பதற்கு முன்னாடி 'ப்ரீபிராசஸ் கமென்ட்'. இதை வெளியிடலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் 'ப்ரீ கமென்ட் அப்ரூவ்டு'. பக்கம் வரைவதற்கு முன்னாடி மொத்தக் கருத்துகளும் வரிசையாக வரும் இடத்தில் 'கமென்ட்ஸ் அரே'. ஒவ்வொன்றையும் அச்சிடும்போது 'கமென்ட் டெக்ஸ்ட்'.

சேமிக்கும்போதே கெட்ட வார்த்தையை வெட்டிவிடுவது பலருக்குப் பிடித்த வழி. ஒரே தடவை வேலை, டேட்டாபேஸும் சுத்தம். ஆனா ஃபில்டரில் தப்பு இருந்தால்? வெட்டியது வெட்டியதுதான், திரும்பி வராது. என்னோடது 'கமென்ட்ஸ் அரே'யில் உட்கார்ந்திருந்தது. காட்டும் நேரத்தில் மட்டும் மறைத்தது. அதனால்தான் மூல எழுத்து பிழைத்தது, அந்த அஞ்சு பேரின் கருத்தையும் மீட்க முடிந்தது. நான் புத்திசாலித்தனமா யோசிச்சு அங்கே வைக்கல. அன்றைக்குப் பார்த்த டுடோரியலில் அப்படி இருந்தது, அவ்வளவுதான். ஆனா இன்றைக்குக் கேட்டால் வாதாடுவேன்: மூலத்தைத் தொடாதீங்க. ஃபில்டர் மாறும், பட்டியல் மாறும், நம்ம புத்தியும் மாறும். ஒருத்தர் எழுதியது மட்டும் எழுதினபடியே இருக்கணும்.

சிலர் சொல்வாங்க, 'ஒவ்வொரு தடவை பக்கம் வரையும்போதும் ஃபில்டர் ஓடினால் சர்வர் என்ன ஆகும்?' ஏழு கருத்துக்கு ஒன்றும் ஆகாது. ஏழாயிரம் வந்தால் கேஷ் போட்டுக்கலாம். அந்தக் கவலை வரும் அளவுக்குப் பிரபலமாகட்டும், பார்த்துக்கலாம்.

காட்டும் நேரத்தில் மறைப்பதிலும் ஓட்டைகள் உண்டு, அதையும் சொல்லிடறேன். 'கமென்ட்ஸ் அரே'யில் தூக்கினால் பக்கத்தில்தான் மறையும். ஆர்எஸ்எஸ் ஃபீடில் அது அப்படியே போகும். கட்டுரை எழுதியவருக்குப் போகும் ஈமெயிலிலும் போகும். தலைப்பில் எண்ணிக்கையும் குறையாது, அது டேட்டாபேஸில் எழுதி வைத்த எண். ஏழு என்று போட்டு ஆறு காட்டியது அதனால்தான். ஒருவகையில் அந்தக் கணக்குப் பிழைக்கு நன்றி. என் ஃபில்டர் பொய் சொன்னபோது அந்தத் தலைப்பாவது உண்மையைச் சொன்னது.

தமிழுக்கு என்று எழுதணும்

'சொல்லின் நடுவில் தேடினதுதான் தப்பு, முழுச் சொல்லாகத் தேடியிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. ரெஜெக்ஸில் சொல் எல்லைக்கு என்று ஒரு குறி இருக்கே, 'பன்னி'யின் ரெண்டு பக்கமும் அதைப் போட்டேன். என்ன ஆச்சு தெரியுமா? 'பன்னிரண்டு' மறுபடி மாட்டியது. 'போடா பன்னி' என்று எழுதினால் தப்பித்தது!

விளையாட்டு இல்லை, பைத்தானில் நீங்களே போட்டுப் பாருங்க. அதன் வழக்கமான ரெஜெக்ஸ் நூலகம் எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கும். நம்ம கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாம் யூனிகோடில் தனிக் குறிகள். அவை அதன் கணக்கில் 'எழுத்து' இல்லை. 'தமிழ்' என்ற சொல்லை அது 'தம', 'ழ' என்று ரெண்டு துண்டாகப் பார்க்கும். அதனால் 'பன்னி'யின் இகரக் குறிக்கும் அடுத்த 'ர'வுக்கும் நடுவில் சொல் முடிவதாக நினைக்கும். உண்மையிலேயே சொல் முடியும் இடத்தில், குறிக்கு அப்புறம் வெற்றிடம் வந்தால், எல்லையே இல்லை என்று நினைக்கும். தலைகீழ். பிஹெச்பியிலும் இதே கதைதான். எழுத்தும் குறியும் ரெண்டுமே இல்லாத இடம்தான் எல்லை என்று நாமே எழுதித் தரணும்.

அதை எழுதிவிட்டால் முடிஞ்சுதா? தமிழ் ஒட்டுமொழி. பன்னியை, பன்னிக்கு, பன்னிங்க. முழுச் சொல்லாகத் தேடினால் இதெல்லாம் தப்பிக்கும். பாதியாகத் தேடினால் பன்னிரண்டு மாட்டும். 'மயிர்' என்பதை, ஒட்டுகளும் மாட்டட்டும் என்று புள்ளியை விட்டுவிட்டு 'மயிர' எனப் பட்டியலில் போட்டால் 'மயிரிழையில் உயிர் தப்பினேன்' என்று விபத்தைச் சொல்பவர் மாட்டுவார். 'நாய்' போட்டால் ஹாஸ்டல் பின்னாடி நாய்க்கடி வாங்கியவர் புகார்கூடக் கொடுக்க முடியாது.

அப்புறம் 'கொ'. ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று ரெண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் ரெண்டும் ஒன்றுதான், தேடும் கோடுக்கு வேறு வேறு. நார்மலைஸ் பண்ணாமல் ஒப்பிட்டால் பாதி தப்பிக்கும். நீள வரம்பிலும் இதே கூத்து. பிஹெச்பியின் சாதாரண நீள ஃபங்ஷன் பைட்டை எண்ணும். 'தமிழ்' நமக்கு மூணு எழுத்து, அதற்கு 15. 'ஐநூறு எழுத்துக்குள்' என்று நான் போட்டிருந்த வரம்பு, இங்கிலீஷில் எழுதுபவருக்கு ஐநூறு, தமிழில் எழுதுபவருக்கு எழுத்துக்கு அஞ்சு பைட் போனால் நூறுதான். தமிழ் இதழுக்கு நான் எழுதிய பிளகின், தமிழில் எழுதினால் அஞ்சில் ஒரு பங்கு இடம்தான் கொடுத்திருக்கு.

இதெல்லாம் நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. 1996-ல் இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களால் ஏஓஎல்லில் கணக்கே திறக்க முடியவில்லை. ஊர்ப் பெயருக்குள் ஒரு ஆபாசச் சொல்லின் எழுத்துகள் ஒளிந்திருந்தன. அந்த ஊர்ப் பெயராலேயே இந்தப் பிழையை இன்றைக்கும் அழைக்கிறார்கள். வேர்ட்பிரஸ்ஸிலேயே தடைச்சொல் பெட்டி ஒன்று இருக்கு. அதற்கு மேலேயே எச்சரிக்கை: சொல்லுக்கு நடுவிலும் பொருந்தும், 'பிரஸ்' என்று போட்டால் 'வேர்ட்பிரஸ்'ஸும் மாட்டும் என்று. அதைப் படிச்சிருந்தாலே எனக்குப் புத்தி வந்திருக்கும். நான் பிளகின் எழுதுகிற ஜோரில் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

அப்போ என்னதான் செய்வது?

ஃபில்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரெண்டு வருஷம் முன்னாடி இங்கே நடந்த அசிங்கத்தைப் பார்த்தவன் நான். அப்போ குறி வைக்கப்பட்டது ஒரு பொண்ணு. 'எல்லோரும் எல்லாம் பேசட்டும்' என்று விட்டால், சத்தமா பேசுறவங்க மட்டும்தான் மிஞ்சுவாங்க. அதனால் ஃபில்டர் வேணும். ஆனா அது தீர்ப்புச் சொல்லக் கூடாது, கை தூக்கிக் காட்டட்டும், போதும்.

நான் இப்போ மாற்றியிருப்பது இதுதான். பட்டியலில் உள்ள சொல் வந்தால் கருத்து மறையாது, 'ப்ரீ கமென்ட் அப்ரூவ்டு' வாசலில் நிறுத்தி வைக்கப்படும். எழுதியவருக்கு 'உங்கள் கருத்து பரிசீலனையில் இருக்கிறது, இந்தச் சொல்லால் நிறுத்தப்பட்டது' என்று தெரியும். நம்ம டீமில் ஒருத்தர் ஒரு நாளுக்குள் பார்ப்பார். நிராகரித்தால் காரணம் எழுதணும். அப்புறம், ஒவ்வொரு கருத்துக்கும் கீழே 'இது சரியில்லை' என்று ஒரு பட்டன். கெட்ட வார்த்தையே இல்லாமல் குத்துகிற கருத்தைப் பிடிக்க வேறு வழி இல்லை. அதைப் படிக்கிற மனுஷனால்தான் முடியும். ஆர்ட்ஸ் காலேஜ் போகச் சொன்ன அந்தக் கருத்தை எந்தப் பட்டியலும் பிடிக்காது.

'யார் உட்கார்ந்து பார்ப்பது?' என்பது எங்கள் டீம் மீட்டிங்கிலேயே வந்த கேள்வி. நியாயமான கேள்வி, எல்லோருக்கும் பிளேஸ்மென்ட் இருக்கு, அரியர் இருக்கு. ஆனா நமக்கு ஒரு இதழுக்கு வருவது பத்து இருபது கருத்து. அதில் நிறுத்தப்படுவது ஒன்றோ ரெண்டோ. அதைப் படிக்க அஞ்சு நிமிஷம் இல்லை என்றால், கருத்துப் பெட்டியையே மூடிவிடலாம். பேசக் கூப்பிட்டுவிட்டு, பேசியதைச் சத்தமில்லாமல் குப்பையில் போடுவதைவிட அது நாணயம்.

நீங்க இந்த மாதிரி எதையாவது எழுதிக்கிட்டிருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். டெஸ்ட் வாக்கியங்களை நீங்க மட்டும் எழுதாதீங்க. கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்த நண்பரைக் கூப்பிடுங்க, திருநெல்வேலிக்காரரைக் கூப்பிடுங்க, இலங்கைத் தமிழ் பேசுபவர் தெரிந்தால் கேளுங்க. 'உன் ஊரில் இதை எப்படிச் சொல்வே?' என்று கேட்டு அதை ஓட்டுங்க. உங்களுக்கு வராத தமிழ் அவங்களுக்கு வரும்.

அந்தத் தங்கச்சியின் கருத்து இப்போ கட்டுரைக்குக் கீழே அதன் இடத்தில் இருக்கு. நேரில் போய் நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். 'பன்னி' கதையைக் கேட்டு முதலில் சிரிச்சாங்க. அப்புறம், "நான் அதுக்கப்புறம் எதுலயும் எழுதலைண்ணா" என்றாங்க.

அதற்கு எனக்குப் பதில் தெரியல. இந்த இதழில் அவங்க பேரோட ஏதாவது வந்தால், படிச்சிட்டு ரெண்டு வரி எழுதுங்க. 'பன்னிரண்டு' என்றும் தாராளமா எழுதலாம், இப்போ வரும்.